முதல் பக்கத்து நன்றி

அந்த வரியை எழுதியது நான்தான். பழியை வேறு யார் தலையிலாவது கட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் தட்டச்சு செய்தவை என் பத்து விரல்கள்.

திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். சந்தியாகோவின் ஞுஞோவா பகுதியில் திருச்சபை எங்களுக்கு ஒதுக்கித் தந்திருந்த பழைய வீட்டின் முன்னறையில், மண்ணெண்ணெய் அடுப்பை ஒட்டி உட்கார்ந்து கட்டுரைப் பிரதிகளுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வு மையத்தின் தலைவர் தோன் காஸ்தோன் உள்ளே வந்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே வானொலிப் பெட்டியிடம் போய் அதைச் சத்தமாக வைத்தார். அவர் வானொலியைத் திருகினால் ஏதோ கெட்ட செய்தி. எங்கள் சுவர்களுக்குக் காது வைத்திருக்கிறார்களா என்பது எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாததால்தான் திருகினோம்.

ஒரு பிரதியின் முதல் பக்கத்தை என் மடியில் வைத்து, அடியில் இருந்த பொடி எழுத்தின் மேல் விரலை ஊன்றினார்.

“மூலப் படிவங்களைக் காட்டி உதவியதோடு கணக்கில் இருந்த பிழைகளையும் திருத்தித் தந்த, புள்ளிவிவர அலுவலகத்தின் பெலார்மினோ சோத்தோவுக்கு ஆசிரியர் நன்றி கூறுகிறார். எஞ்சியுள்ள பிழைகள் ஆசிரியருடையவையே.”

“இது எத்தனை பிரதியில இருக்கு, மிரேயா?”

“எல்லாத்துலயும்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“எத்தனை வெளிய போயிருக்கு?”

“எட்டு.”

அவர் முகம் வெளிறியது. அறுபது வயது மனிதர்; பல்கலைக்கழகத்திலிருந்து அவரைத் துரத்திய நாளில்கூட வாசற்காவலனிடம் தொப்பியைத் தூக்கி விடைபெற்று வந்தவர்.

எதற்கு இவ்வளவு பயம் என்று சொல்லிவிடுகிறேன். சந்தியாகோவில் படை ஆட்சி வந்து அது நான்காம் குளிர்காலம். சிகாகோவில் படித்துவிட்டு வந்தவர்கள் கையில் கருவூலம், மத்திய வங்கி, பல்கலைக்கழகம் எல்லாம் இருந்தன. புழங்கும் பணத்தின் அளவைச் சுருக்கு, விலைவாசி தானே பணியும் என்பது அவர்கள் வேதம். வேலை போனவர்களும் பட்டினி கிடந்தவர்களும் அவர்களுக்கு ‘இடைக்காலச் சிரமம்’. இதை மறுத்து எழுதுகிறவர்கள் நாட்டில் இருபது பேர் மிஞ்சியிருந்தோம். மறுப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எங்கள் பழைய துறையில் வேலை பார்த்த மூன்று பேர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் வீட்டிலிருந்தும், ஒருவர் பஸ் நிறுத்தத்திலிருந்தும் போனார்கள்.

என்னையும் தோன் காஸ்தோனையும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். எங்களுக்குத் திருச்சபையின் குடை இருந்தது. ஐரோப்பாவில் எங்கள் பெயரை அறிந்த பேராசிரியர்கள் நாலு பேர் இருந்தார்கள். பெலார்மினோ சோத்தோவுக்கு ஒருவரும் இல்லை. அவர் புள்ளிவிவர அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் ஒரு எழுத்தர், அவ்வளவுதான்.

எங்கள் நாட்டில் மாதாமாதம் அறிவிக்கும் விலைவாசி எண்ணை வைத்துத்தான் கூலி உயர்வு. எண் குறைந்தால் கூலி குறையும். அறிவிக்கப்பட்ட எண்ணும் கடைத்தெரு விலையும் ஒத்துவரவில்லை என்று எனக்கு ஒரு வருடமாகச் சந்தேகம். கடைக்காரர்களிடம் எழுதி வாங்கி வந்த அசல் படிவங்களைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பெலார்மினோ அவற்றைக் கையால் நகலெடுத்து, நாளிதழுக்குள் மடித்து, வியாழக்கிழமைகளில் ரொட்டிக்கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்று கொடுப்பார். அரசியல் ஒரு சொட்டும் கிடையாது அவரிடம். தான் கூட்டிய தொகை மேல்மாடிக்குப் போய் வேறு தொகையாகத் திரும்பி வந்ததில் அவருக்குத் தன்மானம் புண்பட்டுப் போயிற்று.

“என் பேரெல்லாம் வேண்டாங்க, சேஞோரா” என்றார் ஒருநாள். “ரெண்டாவது தசமத்தை மட்டும் ஒழுங்கா போடுங்க. போன கட்டுரையில முழுசாக்கிட்டீங்க. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வரல.”

அப்படிச் சொன்ன மனிதரின் பெயரைத்தான் அச்சில் ஏற்றினேன்.

ஏன் செய்தேன் என்று என்னையே கேட்காத நாளில்லை. காரணம் என் மூக்கு நுனிக் கோபம். போன கருத்தரங்கில் ரைமுந்தோ எச்செனிக்கே எழுந்து, எல்லோர் முன்னாலும், “சேஞோரா மிரேயா, இந்த எண்ணுக்கு ஆதாரம் என்னங்க? உங்க வீட்டு வேலைக்காரியோட காய்கறிப் பையா?” என்று கேட்டான். அமைச்சகத்து ஆலோசகன் அவன்; அறை முழுவதும் சிரித்தது. நான் சிவந்து போய் உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் ஆதாரம் இல்லாத எண் குப்பைக்குச் சமம். பிறர் தந்த ஆதாரத்துக்கு நன்றி சொல்லாமல் எழுதுவது திருட்டு. பன்னிரண்டு வருடம் இந்த இரண்டையும் மாணவர்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

கையெழுத்துப் படியில் அந்தப் பெயரை எழுதினேன். தோன் காஸ்தோன் மட்டும் பார்க்கட்டும், பிரதியெடுக்க ஸ்டென்சில் தாளில் தட்டி வெட்டும்போது நீக்கிவிடலாம் என்றுதான். சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து வெட்டினேன். முதல் பக்கம் வந்தது, நட்சத்திரக் குறி வந்தது, விரல்கள் தங்கள் பாட்டுக்கு ஓடின. அடிக்குறிப்பை முடித்தபோது எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது.

“அவரை எச்சரிக்கணும்” என்றேன். “ஒரு மணிக்குச் சாப்பிட வெளிய வருவார். வாசல்ல போய் நிக்கிறேன்.”

“நின்னா?” தோன் காஸ்தோன் வானொலியை இன்னும் கூட்டினார். பொலேரோ பாட்டு காதைப் பிளந்தது. “உன் பின்னாடி யார் வர்றான்னு உனக்குத் தெரியுமா? போன மாசம் பூரா அந்த வெள்ளை பியூஷோ கார் நம்ம தெருமுனையிலேயே நின்னுச்சு. நீ போய் அவர் கையைப் பிடிச்சேன்னா, இதோ இவர்தான்னு நீயே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும்.”

“போன் பண்ணலாம்.”

“அவர் வீட்டுல போன் கிடையாது. ஆபீஸ் போனை வேற ஒருத்தி எடுத்து மாத்திக் கொடுப்பா. என்னன்னு சொல்லுவே? மன்னிச்சுக்குங்க, உங்க பேரை அச்சடிச்சுட்டேன்னா?”

நான் அழ ஆரம்பித்தேன். அவர் கைக்குட்டையை நீட்டினார்; திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“முதல்ல தாளைப் பிடிப்போம்” என்றார். “எட்டும் திரும்பி வந்துட்டா இந்த வரி எழுதப்படவே இல்லை. வியாழக்கிழமை ரொட்டி வரிசையில நிதானமா அவர்கிட்ட சொல்லிக்கலாம்.”

நியாயமாகத்தான் பட்டது. நாங்கள் எல்லாவற்றையும் நியாயமாக யோசிக்கப் பழகியவர்கள். வீட்டில் இருந்த இருபத்திரண்டு பிரதிகளின் முதல் பக்கங்களையும் ஸ்டென்சிலையும் அவர் அடுப்பில் போட்டார். நான் புதிய முதல் பக்கங்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்று பகல் பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்த ஒவ்வொருவரையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாம்பல் நிற மேல்கோட்டு அணிந்த ஒருவன் இரண்டு பஸ்களிலும் வந்தான். மூன்றாவதில் அவன் இல்லாதபோது, வேறு யாரையோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆறு பேரிடம் மூன்று மணிக்குள் மாற்றிவிட்டேன். எல்லோரும் நண்பர்கள். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே, காரணம் கேட்காமல் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏன் என்று கேட்கும் பழக்கம் எங்கள் ஊரில் போய் நாலு வருடம் ஆகிவிட்டது.

ஏழாவது ஆள் மட்டும் கேட்டார். ஓய்வு பெற்ற பேராசிரியர் அபெலார்தோ கிஞோனெஸ். எனக்கும் ரைமுந்தோவுக்கும் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தவர். போர்வையைச் சுற்றிக்கொண்டு, கையில் பென்சிலோடு, என் கட்டுரையைக் கோழி கிளறுவதுபோல் கிளறிக்கொண்டிருந்தார்.

“தரமாட்டேன் போ. ஓரத்துல பூரா என் குறிப்பு. நாலாவது அட்டவணையில நீ பண்ணியிருக்கிறது அசிங்கம், தெரியுமா?”

“முதல் பக்கம் மட்டும் போதும், சார்.”

“முதல் பக்கத்துலதான் முக்கியமான குறிப்பே இருக்கு. அதென்ன உன் முகம் இப்படி இருக்கு? சாப்பிட்டியா? விலைவாசிக் கணக்குல பாலுக்கு நீ போட்ட எடை யாரைக் கேட்டுப் போட்டே?”

“சார், தயவு பண்ணி...”

“எதிராளி முதல்ல கேக்கப்போற கேள்வி இதுதான். பயந்து ஓடினா எப்படி?”

ஒரு மணி நேரம் பால் எடையைப் பற்றிப் பேசினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். அது நாலு அடித்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அவர் மடியிலிருந்த பிரதியின் முதல் பக்கத்தைப் பிடுங்கிக் கிழித்தேன். நாற்பது வருடம் ஆசிரியராக இருந்த மனிதர் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பொடி எழுத்தை அப்போதுதான் படித்திருப்பார்போல. பென்சிலை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“எட்டாவது யார்கிட்ட?” என்றார்.

“ரைமுந்தோகிட்ட.”

“கடவுளே” என்றார் என் ஆசிரியர். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்.

வியாழக்கிழமை கருத்தரங்கில் என் கட்டுரைமேல் கருத்துரை சொல்லப் போகிறவன் ரைமுந்தோ. எதிர்த்து எழுதினால் எதிராளி கையில் முதல் பிரதியைக் கொடுத்துவிட வேண்டும், அவன் வந்து பதில் சொல்ல வேண்டும் என்பது தோன் காஸ்தோனின் பிடிவாதம். முதுகுக்குப் பின்னால் பேசுவது வம்பளப்பு, ஆய்வல்ல என்பார். ரைமுந்தோவும் ஒவ்வொரு தடவையும் வருவான். சிரித்துக்கொண்டே எங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவான். படைக்காரர்களின் ஊரில் எங்களை மனிதர்களாக மதித்து மறுத்துப் பேசிய ஒரே அரசாங்கத்து ஆள் அவன்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமைச்சகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். “நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்க” என்றாள் அவன் செயலாளர். அன்றிரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். ஏழு தாள் திரும்பிவிட்டதே என்று மனம் கொஞ்சம் ஆறியிருந்தது. அந்தத் தூக்கத்துக்காகவும் எனக்கு வெட்கம்.

செவ்வாய்க்கிழமை அமைச்சக வாசலில் ஒரு சிப்பாய் என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான். பதினெட்டு வயது முகம். மேலே ரைமுந்தோவின் அறையில் வெந்நீர்க் குழாய் ஓடிக் கதகதவென்று இருந்தது. அவன் எழுந்து வந்து கன்னத்தில் முத்தமிட்டு வரவேற்றான். கல்லூரியில் ஒரே பாடப்புத்தகத்தை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிப் படித்தவர்கள் நாங்கள். தனியாக இருக்கும்போது இன்னும் ‘நீ, வா, போ’தான்.

“உட்காரு, மிரேயா. கட்டுரை நல்லா இருக்கு. தப்பு, ஆனா நல்லா இருக்கு.”

“முதல் பக்கத்துல ஒரு அச்சுப்பிழை, ரைமுந்தோ. மாத்திட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“அச்சுப்பிழையா?” பிரதியை எடுத்தான். முதல் பக்கத்தில் நீல மையில் அடிக்கோடு இருந்ததைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். அது எந்த வரியின் கீழ் என்று தெரிய நான் கிட்டே போக வேண்டியிருக்கவில்லை. “இதைப் பத்தியே உன்கிட்ட பேசணும்னு இருந்தேன். போன தடவை ஆதாரம் எங்கேன்னு கேட்டேன், இந்தத் தடவை ஆதாரத்தோட வந்துட்டே. பலே! மரியாதையா சரிபார்த்துடலாம்னு நினைச்சேன்.”

“சரிபார்த்தியா?”

“பின்னே? ஆதாரத்தைச் சரிபார்க்காம நான் என்னைக்கு வாயைத் திறந்திருக்கேன்? கிழவர் கிஞோனெஸ் நம்மளை அப்படியா வளர்த்தார்?” சிரித்தான். “நேத்து நாலு மணிக்கு அந்த ஆபீஸுக்குப் போன் போட்டேன். நேரா எழுத்தர்கிட்ட பேசறது முறையில்லை பாரு. அதனால இயக்குநர்கிட்டயே கேட்டேன். உங்ககிட்ட பெலார்மினோ சோத்தோன்னு ஒருத்தர் இருக்காராமே, மூலப் படிவத்தையெல்லாம் காட்டினாராம், அவரை ஒரு நிமிஷம் என்கிட்ட பேசச் சொல்லுங்கன்னு.”

நாலு மணி. பால் எடை. சுவர்க் கடிகாரம். ஒரு மணிக்கு அவர் சாப்பிட வெளியே வந்திருப்பார். ரொட்டி வாங்கியிருப்பார். நான் அப்போது பஸ்ஸில், சாம்பல் நிறக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன சொன்னார்?”

“பார்த்துச் சொல்றேன்னார். இன்னைக்குக் காலையில எட்டரைக்கு அவரே கூப்பிட்டார்.” ரைமுந்தோ முன்னால் சாய்ந்தான். குரலைத் தாழ்த்தினான், அதில் உண்மையான அக்கறை இருந்தது. “மிரேயா, அந்தப் பேர்ல அங்கே யாரும் கிடையாதாம். எப்பவுமே இருந்ததில்லையாம்.”

நான் அந்த நீல அடிக்கோட்டைப் பார்த்தேன்.

“நான் வெளிய சொல்லமாட்டேன். உன் கோபம் எனக்குத் தெரியாதா? நான்தான் அன்னைக்கு உன்னை ரொம்பக் கிண்டினேன். ஆனா இல்லாத ஆளைப் படைச்சு அவருக்கு நன்றியும் சொன்னா எப்படி? வியாழக்கிழமைக்குள்ள அந்த வரியை எடுத்துடு. நானும் அதைப் பத்திக் கேக்கலை. உன் பேர் கெட வேண்டாம்.”

இதைச் சொல்லிவிட்டு, நான் எதைக் கெஞ்சிக் கேட்க வந்தேனோ அந்தப் பிரதியை அவனே என் பக்கம் தள்ளினான்.

நான் அதை எடுத்திருக்க வேண்டும். எட்டாவது தாள், அதை எடுத்தால் கணக்கு முடிந்தது. முதல் நாள் முழுக்க நான் ஊரெல்லாம் ஓடி அழித்த பெயர், இனி உலகத்தில் அந்த ஒரே தாளில்தான் அவருடைய அலுவலகத்தின் பெயரோடு சேர்ந்து நின்றது. அலுவலகம் அவர் இல்லை என்கிறது. நாளை காவல் நிலையமும் இல்லை என்று சொல்லும். அவருடைய மேசையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

பயம் இல்லாமல் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கை தாளை அவன் பக்கமே திரும்பத் தள்ளியது.

“இருக்கார்” என்றேன். “அம்பத்திரண்டு வயசு. ரெண்டாம் மாடி. மனைவி பேரு சுனில்தா. பதினாறு வருஷமா அங்கே வேலை பார்க்கிறார். நேத்து நாலு மணி வரைக்கும் இருந்தார், ரைமுந்தோ.”

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்துகொண்டான். நான் அவனை இருபது வருடமாக அறிவேன். கணக்கில் கெட்டிக்காரன், ஒரு படி சொன்னால் மீதிப் படிகளைத் தானே போட்டுவிடுவான். அவன் முகத்தில் அந்தப் படிகள் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்தேன். எழுந்து போய், செயலாளர் இருந்த அறையின் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். திரும்பி வந்தவன் உட்காரவில்லை.

“இதை எடுத்துட்டுப் போயிடு” என்றான். குரல் மாறியிருந்தது. “தயவு பண்ணி. என் மேசையில இது வேண்டாம்.”

“உன் மேசையிலதான் இருக்கணும். என் வீட்டை அவங்க எப்ப வேணா சோதனை போடுவாங்க. உன் வீட்டைப் போடமாட்டாங்க.”

“எனக்குத் தெரியாது, மிரேயா. சத்தியமாத் தெரியாது. நான் ஆதாரத்தைத்தான் கேட்டேன்.”

“தெரியும். நானும் ஆதாரத்தைத்தான் சொன்னேன்.”

“எனக்கு ரெண்டு குழந்தைங்க.”

“அவருக்கு மூணு” என்றேன். உண்மையில் அவருக்கு எத்தனை குழந்தைகள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடம் ரொட்டி வரிசையில் நின்றும் நான் கேட்டதில்லை. அவராகச் சொன்னவை போக, நான் விலைகளை மட்டுமே கேட்டேன்.

அவன் தாளைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. அது எங்கள் இருவருக்கும் நடுவே மேசையில் கிடந்தது. தொலைபேசி அடித்தது. அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது; அதை எடுக்காமல், என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த மனிதன் அங்கே இல்லை. அந்த அறைக்குள் நான் கொண்டுவந்த பயம் இப்போது அவனுடையதும் ஆகிவிட்டது.

கீழே சிப்பாய் என் அட்டையைத் திருப்பித் தந்தான். வெளியே மழை பிடித்திருந்தது. தெருவில் யாரைத் திரும்பிப் பார்ப்பது, எந்த பஸ்ஸில் மாறி ஏறுவது என்று நான் யோசிக்கவில்லை. பெலார்மினோவின் வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டால் தெரியும். அந்த வீட்டுக் கதவைத் தட்டி, அவர் மனைவியிடம், உங்கள் கணவருக்கு நான் நன்றி சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.